மழவரையர் மகள்

கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டுப் போட்ட இடம் தச்சன் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும் என்பதே என் பதில்.

சில மாதங்களுக்கு முன் ஏலாக்குறிச்சிக்குப் போயிருந்தேன். கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர்ச் சீமையில், வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர். அடைக்கல மாதா கோவில் வாசலில் ஒரு பெரியவர் ஊர்க்கதை சொன்னார். அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை கண்டதாம், முனிவர் இவ்வூர் மண்ணைக் குழைத்துப் பூசினாராம், புண் ஆறிற்றாம், மழவராயர் நிலம் கொடுத்தாராம். கேட்டுக்கொண்டு நின்ற இளைஞர் ஒருவர் உடனே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"செம்பியன் மாதேவியும் மழவரையர் பொண்ணுதானுங்களே, ஐயா? அப்ப அவங்க எங்க வம்சந்தானே? விக்கிப்பீடியாவில நான் அதை எழுதுறேன், எவனோ அழிக்கிறான். திரும்ப எழுதுறேன், திரும்ப அழிக்கிறான்!"

அவருடைய கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் நியாயம் அழித்தவர் பக்கம்தான். மாதேவியார் பத்தாம் நூற்றாண்டு. முனிவர் காலத்து மழவராயர் பதினெட்டாம் நூற்றாண்டு. பட்டம் ஒன்றாக இருந்தால் ரத்தமும் ஒன்றாகிவிடுமா? ராவ்பகதூர் பட்டம் வாங்கியவர்களெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா? மழவரையர் மகள் என்று கல் சொல்கிறது. கல் நிறுத்திய இடத்தில் நம்முடைய சாதி அபிமானம் பேச ஆரம்பிக்கிறது. தெற்காசியச் சாதிகளைப் பற்றிய பக்கங்களில் இந்தச் சண்டை தாங்காமல் ஆங்கில விக்கிப்பீடியா 2012-ல் தனிக் கட்டுப்பாடே விதிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து, என் சொந்த ஜாதியைச் சொல்ல வேண்டும். கதாசிரியர் ஜாதியைச் சொல்கிறேன். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதில் மாதேவியார் தம் மகன் அரியணை ஏறுவதை எதிர்க்கிறார். வளர்த்த பிள்ளை வேறு, பெற்ற பிள்ளை வேறு என்று ஒரு ரகசியமும் உண்டு. கல்கி அதைக் கதையென்று சொல்லித்தான் எழுதினார். கல்வெட்டிலோ உத்தம சோழன் அவர் திருவயிற்றில் பிறந்த மகன். பதினைந்து ஆண்டுகள் போல அரசாண்ட மன்னன். கதையின் ரகசியத்தைத் தூக்கி வாழ்க்கை வரலாற்றில் வைப்பவர் கல்கிக்கும் மரியாதை செய்யவில்லை, மாதேவியாருக்கும் செய்யவில்லை.

உருவத்திலும் வழக்கு உண்டு. வாஷிங்டன் ஃப்ரீர் அருங்காட்சியகம் 1929-ல் வாங்கிய வெண்கலப் படிமம் மாதேவியாரா, பார்வதியா என்று அறிஞர்களே ஒன்றுபடவில்லை. அது நாகப்பட்டினம் பக்கத்துச் செம்பியன் மாதேவி என்னும் ஊரின் கோவிலிலிருந்து திருட்டுப் போனது என்று நம் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022-ல் சொன்னது. 'இவர்தான்' என்று ஒருவர் படம் போடலாம், 'இல்லவே இல்லை' என்று மற்றவர் எடுக்கலாம். இரண்டு அபிப்பிராயத்தையும், சொன்னவர் பெயரோடு எழுதி வைத்தால் யார் குடி முழுகிப்போகும்?

அழிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'சான்று இல்லை' என்று கதவைச் சாத்துவது சுலபம். டோனா ஸ்டிரிக்லண்ட் என்ற பௌதிக அறிஞரைப் பற்றிய கட்டுரையைப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 2018 மே மாதம் நிராகரித்தார்கள். அக்டோபரில் அந்த அம்மாளுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள்! கண்ணெதிரே நடமாடும் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெண்ணின் கதி என்ன? சான்று கேட்பவர் தேடவும் கடமைப்பட்டவர்.

ஆனால் என் பெரிய ஆத்திரம் இது எதுவுமில்லை. யார் மகள், யாருக்குத் தாய், எப்படி இருந்தாள்? ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நாம் மல்லுக்கட்ட இவைதானா அகப்பட்டன? அவர் செய்த வேலைக்காக ஒருவராவது வரிந்துகட்டிக்கொண்டு வருகிறாரா?

ஏலாக்குறிச்சிக்குச் சில கல் தொலைவில் கண்டராதித்தம் இருக்கிறது. மாதேவியாரின் கணவர் பெயர் தாங்கிய ஊர். கண்டராதித்தர் 957 வாக்கில் மறைந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தேவியார் செங்கற் கோவில்களைக் கற்றளிகளாக்கினார். விருத்தாசலம், குத்தாலம், ஆடுதுறை என்று அந்தப் பட்டியல் நீளும். கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் எடுத்த கோவிலில் அவர் சிவனை வணங்கும் சிற்பத்தையும் வைத்தார். தேவியார் பிறந்த ஆண்டு நமக்குத் தெரியாது. நட்சத்திரம் கேட்டை என்பது தெரியும். எப்படி? அந்த நாளில் பூஜை நடக்க உத்தம சோழனின் தேவியர் நிவந்தம் வைத்த செய்தி கல்லில் இருக்கிறது. மாமியாரின் பிறந்த நாளுக்கு மருமகள்களின் கொடை! இதைவிட நம்பகமான நற்சாட்சிப் பத்திரத்தை எந்தக் குடும்பத்தில் பார்த்திருக்கிறோம்?

இன்னொன்றும் செய்தார். திருக்கோடிகாவில் பழைய கோவிலைக் கல்லால் புதுப்பித்தபோது, அங்கே கிடந்த பழைய கல்வெட்டுகளை எறிந்துவிடவில்லை. அவற்றைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்து, இது பழங்கல்லின் படி என்று குறிக்கவும் வைத்தார். பழைய கொடையாளிகளின் பெயர்களை அழித்துத் தம் பெயரைப் போட்டுக்கொள்ள அவருக்கு அதிகாரம் இருந்தது. கேட்பாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை.

இதைத்தான் அந்த இளைஞரிடம் சொன்னேன். "தம்பி, அந்த அம்மா பிறத்தியார் எழுத்தை அழிக்கவுமில்லை, தன் எழுத்தைப் பழசென்று சொல்லவுமில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் இரண்டையும் செய்யலாமா?"

அவர் பதில் சொல்லவில்லை. திருக்கோடிகாவுக்கு எந்த பஸ்ஸில் போகவேண்டும் என்று மட்டும் கேட்டார்.