தீர்ப்பாயமும் நம் கோப்பு அலமாரியும்

பாலியல் தொல்லை எதிர்ப்புத் தீர்ப்பாயம் 2024 மார்ச் 8 முதல் இயங்கி வருகிறது. அதை உருவாக்கிய சட்டம் 840 நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோதே இவ்விதழ் வரவேற்றது; அந்த நிலைப்பாட்டில் மாற்றமில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாத ஒரு தொழிற்சாலைப் பெண் தானே போய் முறையிடலாம், விசாரணை மூடிய அறையில் நடக்கும், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கிடைக்கலாம், எதிர்த்தரப்பு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் உத்தரவிடலாம். 2016-இல் கூட்டரசு நீதிமன்றம் பாலியல் தொல்லையைத் தனியொரு உரிமையியல் தீங்காக ஏற்றுத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வரை போக எத்தனை பேரால் முடியும் என்பது நமக்குத் தெரியும். தீர்ப்பாயம் அந்தப் படிகளைக் குறைத்திருக்கிறது.

ஆனால் இழப்பீடு என்றால் இழப்பைக் காட்ட வேண்டும். தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, கணவர் தொட்டாலே உடல் இறுகுகிறது என்பதையெல்லாம் யார் சொல்வது? ஆலோசகர்கள், மருத்துவ உளவியலாளர்கள் ஆகிய நம்மிடம்தான் வருகிறார்கள். “மேடம், ட்ரிபியூனலுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க.” பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், பெட்டாலிங் ஜெயா என்று எங்கே பணிபுரிந்தாலும் இந்தக் கோரிக்கையை நாம் கேட்கத்தான் போகிறோம்.

எழுதிக் கொடுங்கள். அமர்வுக் குறிப்பேட்டைக் கொடுக்காதீர்கள். இதுவே நம் நிலைப்பாடு.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நமக்குள் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது. எப்போது வந்தார், என்ன அறிகுறிகள், பி.சி.எல்-5 போன்ற அளவுகோல் பயன்படுத்தியிருந்தால் மதிப்பெண், அன்றாட வாழ்க்கை எந்த அளவு முடங்கியிருக்கிறது, என்ன சிகிச்சை, இன்னும் எவ்வளவு காலம் ஆகலாம். நடந்ததா இல்லையா என்பது நம் வேலை அல்ல. “அவர் கூறினார்” என்ற சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். அறிக்கையை அனுப்பும் முன் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

சிக்கல் அறிக்கைக்குப் பிறகு தொடங்குகிறது. இப்படி வைத்துக்கொள்வோம். காப்பார் பக்கத்துப் பெண், வயது முப்பத்தாறு, ஷா ஆலாமில் வேலை. மேற்பார்வையாளரின் தொல்லை பற்றிப் பேச வருகிறார். கிள்ளானிலேயே ஆலோசகர்கள் இருந்தும், அங்கே கோயிலில் பார்த்தவர்கள், தாமான் அக்காக்கள் கண்ணில் படுவார் என்பதால் கொம்முட்டர் ஏறி சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வருகிறார். நான்காம், ஐந்தாம் அமர்வில் மேற்பார்வையாளர் பின்னுக்குப் போய்விடுகிறார். தோட்டத்து வீடு, ஒன்பது வயது, உறவினர் ஒருவர் என்று வேறு கதை வருகிறது. இதில் நமக்கு வியப்பில்லை. இன்றைய தொல்லை அன்றைய காயத்தைத் திறந்துவிடும். ஜூடித் ஹெர்மன் 1992-இல் வகுத்துக் காட்டிய மூன்று கட்டங்களில் முதற்கட்டத்தையே, அதாவது பாதுகாப்பு உணர்வை மீட்பதையே, மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்தக் கோப்பு எதிர்த்தரப்பின் கையில் கிடைத்தால்? அவர் தொல்லையை மறுக்கவே தேவையில்லை. “இவருடைய பாதிப்புக்குக் காரணம் நான் இல்லை, முப்பது ஆண்டுக்கு முன் நடந்தது” என்று சொன்னால் போதும். குணமாக வேண்டும் என்று நம் அறையில் அவர் இறக்கி வைத்தது, அவரைத் தொல்லைப்படுத்தியவருக்கே தற்காப்பாகிவிடும். ஏற்கெனவே காயப்பட்டவரைக் காயப்படுத்தினாலும் பொறுப்பு பொறுப்புதான் என்பது உரிமையியல் சட்டத்தின் பழைய கொள்கை. ஆனால் வக்கீல் இல்லாத அறையில் அந்தக் கொள்கையை அந்தப் பெண்ணே எடுத்துச் சொல்ல வேண்டும். குறைந்த செலவுக்காகச் செய்த ஏற்பாடு இந்த இடத்தில் அவரைத் தனியாளாக்குகிறது.

குறிப்பேட்டில் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் அறிவோம். மூன்றாம் அமர்வில் ‘மாமா’ என்றவர் ஏழாம் அமர்வில் ‘சித்தப்பா’ என்பார். பொய்யல்ல. அப்பாவின் தம்பியைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் முதலில் இன்னொருவர் மேல் போட்டுப் பார்த்திருக்கலாம். அல்லது நாம் எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று தெரியாமல் பேசிப் பார்த்திருக்கலாம். அதிர்ச்சி நினைவு துண்டு துண்டாக வருவதும், தேதி பிசகுவதும், “எனக்கே சந்தேகமா இருக்கு” என்று இடையில் சொல்வதும் மீட்சியின் பகுதி. இ.எம்.டி.ஆர். செய்பவர்களின் தாளில் பூஜ்யம் முதல் பத்து வரையான எண்கள் ஏறி இறங்கிக் கிடக்கும். இந்தத் தாள்களைக் குறுக்கு விசாரணைக்கு எடுத்தால் ஒவ்வொரு வரியும் முரண்பாடு. சிகிச்சையே நினைவைப் புகுத்தியது என்று 1990-களில் அமெரிக்காவில் எழுந்த சர்ச்சையும் கூடவே வரும்.

இதைத் தடுக்க நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தைப் புரட்டுங்கள். 122-ஆம் பிரிவு கணவன் மனைவி பேசியதைக் காக்கிறது. 126-ஆம் பிரிவு வழக்கறிஞரிடம் பேசியதைக் காக்கிறது. ஆலோசகரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ பேசியதைக் காக்க ஒரு பிரிவும் இல்லை. பெண்கள் அமைப்புகளின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, 1989-இல் 146A வந்தது. வன்புணர்ச்சி வழக்கில் புகார்தாரரின் முந்தைய பாலியல் வாழ்க்கையைக் கிளறுவதை அது பெரும்பாலும் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் வாய்மொழிக் கேள்வியாக வந்தால் தடுக்கப்படும் அதே விஷயம், நம் குறிப்பேட்டில் எழுதியிருந்தால்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். தீர்ப்பாயமும் ஆவணங்களை வரவழைக்கலாம். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலுக்குத் தாழ்ப்பாளே வைக்காத வீடு இது.

வேறு நாடுகள் இந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டன. 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில், உளச்சிகிச்சையாளரிடம் பேசியதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. அந்த வழக்கில் சிகிச்சை அளித்தவர் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர் என்பதைக் கவனிக்க வேண்டும். கனடாவின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1995-இல் ஓ’கானர் வழக்கின் தீர்ப்பு, புகார்தாரரின் ஆலோசனைப் பதிவுகளை எதிர்த்தரப்பு கேட்பதற்கு வழி திறந்துவிட்டது. இரண்டே ஆண்டில் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தைத் திருத்திக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1999-இல் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1997-இல் பாலியல் வன்முறை ஆலோசனைக்கென்றே தனிப் பாதுகாப்பு இயற்றியது.

கனடா, நியூ சவுத் வேல்ஸ் ஏற்பாடுகள் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தற்காப்பை முற்றாக அடைத்துவிடவில்லை. வெறும் துழாவலுக்காகக் கேட்கக் கூடாது, தேவை இருக்கிறது என்று காட்ட வேண்டும், நீதிபதி முதலில் தாமே பார்த்து எதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வார். அவ்வளவுதான். நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

யாரிடம் கேட்பது? இங்கேதான் பொறுமை போகிறது. ஆலோசகர்கள் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 580-இன் கீழ். லெம்பாகா கவுன்செலர், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு. மருத்துவ உளவியலாளர்கள் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 774-இன் கீழ், சுகாதார அமைச்சு. சாட்சியச் சட்டமோ இவ்விருவரின் கையிலும் இல்லை. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் என்ன தண்டனை, சான்றிதழை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதிலெல்லாம் அவர்களுக்குத் தெளிவு உண்டு. ரகசியம் காக்க வேண்டும் என்று நமக்கு நெறிமுறை வகுப்பு எடுக்கிறார்கள். அந்த ரகசியத்தை அம்பலத்தில் கொட்டு என்று அழைப்பாணை வந்தால் எதைக் காட்டி மறுப்பது என்று கேட்டால் பதில் இல்லை. சட்டம் 840-ஐ வரைந்த நேரம்தான் ஓர் உட்பிரிவைச் சேர்த்திருக்க ஏற்ற நேரம். பாதிக்கப்பட்டவரின் மனநலத்துக்கு இழப்பீடு தரலாம் என்று தெரிந்த சட்டத்துக்கு, அந்த மனநலம் எங்கே கவனிக்கப்படுகிறது என்பது தெரியாமல் போய்விட்டது. 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர் ஏற்பாடு பிற நாடுகளே பார்த்துப் பின்பற்றிய ஒன்று. சம்பவம் நடந்த இரவின் மருத்துவம் பற்றி இந்த நாடு முப்பது ஆண்டுக்கு முன்பே யோசித்தது. அதற்குப் பின்வரும் ஆண்டுகளின் சிகிச்சை பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றங்கள் சட்டத்தின் (சட்டம் 792) 19-ஆம் பிரிவு: தெரிந்தும் போலீஸுக்குத் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். நம் காப்பார்ப் பெண் சொன்னது அந்தச் சட்டம் வருவதற்கு வெகு காலத்துக்கு முன் நடந்தது. அவர் இன்று சிறுமியல்லர். அவர் சார்பில், அவர் விருப்பமில்லாமல், நாம் ரிப்போர்ட் செய்ய வேண்டியதில்லை என்பது எம் கருத்து. ஆனால் அதே உறவினர் இன்று பேரப்பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்கிறார் என்று தெரிய வந்தால் கணக்கு மாறிவிடும். அங்கே தயக்கத்துக்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் சாம்பல் நிறத்துக்கு எழுத்திலான வழிகாட்டல் வேண்டும். அதுவும் வரவில்லை. பயந்த ஆலோசகர்கள் சிறுவயது பற்றிக் கேட்பதையே தவிர்ப்பார்கள் என்பதே இதன் விளைவு. கேட்காத காயம் ஆறாது.

சட்டம் திருந்தும் வரை செய்ய வேண்டியதைச் செய்வோம். குறிப்பு எழுதுவதைச் சுருக்குங்கள். சிகிச்சைக்குத் தேவையில்லாத சம்பவ விவரிப்பு, அதிலும் நேர்க்கூற்றில், தாளில் ஏற வேண்டாம். பழைய அதிர்ச்சிக்கான பணியையும் இன்றைய புகார் சார்ந்த பணியையும் தனித்தனிக் கோப்பில் வையுங்கள். இதனால் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடாது, ஆனால் ஒன்றைக் கேட்டால் இரண்டும் போகாது. அழைப்பாணை வந்த பின் ஒரு தாளையும் கிழிக்காதீர்கள், அது குற்றம். உடனே ஒப்படைக்கவும் வேண்டாம். வந்தவரிடம் சொல்லுங்கள், சட்ட உதவி கிடைக்குமா என்று பாருங்கள், பதிவு முழுவதற்கும் பதிலாக அறிக்கை போதுமா என்று தீர்ப்பாயத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும் முதல் அமர்விலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும், அதுவும் அவர் பேசும் மொழியில். ரகசியத்தின் எல்லை எது, எப்போது நாம் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும், நீதிமன்றம் கேட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவர் ஒன்பது வயதைப் பற்றிப் பேசலாமா என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கான ஒப்புதல் படிவத்தின் மாதிரியைத் தமிழிலும் மலாயிலும் அடுத்த இதழில் வெளியிடுகிறோம். கையெழுத்து வாங்கிய பின் நகலை அவர் கையில் கொடுத்தனுப்பும் முன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.