உடம்புக்கேற்ற சைக்கிள்



சென்ற மாதம் தையல் மெஷினைப் பராமரிப்பது பற்றிப் பார்த்தோம். இம்மாதம் அதைவிட நமக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றிக் கதைப்போம். அது வேலியோரம் சாத்தி வைத்திருக்கும் நமது சைக்கிள்.

அந்தச் சைக்கிள் நம்மோடு பட்ட பாடு கொஞ்சமல்ல. 1990 க்குப் பிறகு யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அரிசி மூட்டையும் சட்டி பானையும் நடக்க மாட்டாத வயோதிபரும் சைக்கிளில்தான் வந்தார்கள். 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றபோது கொழும்பிலும் சைக்கிள் தேடினார்கள். நமக்கு அது புதிதல்ல.

ஆனால் இத்தனை பாடுபட்ட வண்டியைத் தன் உடம்புக்குப் பொருத்தி ஓடுகிற பெண்கள் மிகக் குறைவு. கடையில் தந்தபடி, நிவாரணத்தில் கிடைத்தபடி, கணவரோ அண்ணாவோ விட்டுப் போனபடி அப்படியே ஏறி ஓடுகிறோம். பிறகு முழங்காலுக்கும் நாரிக்கும் எண்ணெய் பூசுகிறோம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உழக்கி வேலைக்குப் போகிறவருக்கு அந்த நோவு சின்ன விஷயமல்ல. முழங்கால் போனால் வேலையும் போய்விடும்.

முதலில் சீற். நம்மில் பலர் இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதியும் அளவுக்குச் சீற்றைப் பதித்து வைத்திருக்கிறோம். விழுந்துவிடுவோம் என்ற பயம்தான் காரணம். ஆனால் அப்படி ஓடும்போது முழங்கால் எந்நேரமும் மடங்கியே இருக்கிறது. உடம்பின் பாரமெல்லாம் அந்த மூட்டிலேதான் விழும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒருவரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வழமையாகப் போடும் செருப்போடு ஏறி இருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிக்காலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு ஓடும்போது குதிக்காலால் அல்ல, பாதத்தின் முன்பகுதியால்தான் மிதிப்போம். அப்போது முழங்கால் இலேசாக மடங்கி இருக்கும். அதுதான் அளவு. முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீற் பதிவு என்றும், பின்பக்கம் இழுத்து நொந்தால் சீற் உயரம் என்றும் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரேயடியாக உயர்த்தினால் பயமாக இருக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு விரற்கடை வீதம் உயர்த்துங்கள். நிற்கும்போது சீற்றில் இருந்தபடியே காலூன்ற முயலாமல், சீற்றுக்கு முன்னே இறங்கி நிற்கப் பழகுங்கள். லேடீஸ் சைக்கிளில் இது நாலைந்து நாளில் பழகிவிடும். பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் மட்டும், விரல் நுனிகள் நிலத்தில் தொடும் அளவுக்குச் சற்றுப் பதித்து வைத்திருப்பது நல்லது. சீற் தண்டை எவ்வளவு உயர்த்தினாலும் மூன்று அங்குலமாவது குழாய்க்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் பாரம் தாங்காமல் தண்டு வளைந்துவிடும்.

சீற்றின் மூக்கு மேலே பார்த்தபடி இருந்தால் பெண்களுக்குப் பெரும் தொல்லை. அடிவயிற்றின் கீழே அழுத்தமும் எரிவும் வரும், சிறுநீர் கழிக்கும்போது கடுக்கும். வெட்கப்பட்டு ஒருவரிடமும் சொல்லாமல் பலர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். சீற்றுக்குக் கீழுள்ள நட்டை இளக்கி, சீற்றைச் சமமாக வைத்து இறுக்கினாலே பாதித் தொல்லை தீரும். முன்னே சரித்தும் வைக்க வேண்டாம். அப்படி வைத்தால் பாரம் கைக்கு வந்து மணிக்கட்டு விறைக்கும். ஒடுங்கிய சீற்றுக்குப் பதிலாக, அடியில் சுருள் கம்பியுள்ள அகலமான பழைய மொடல் சீற் கிடைத்தால் விடாதீர்கள். நம்முடைய கிறவல் றோட்டுக்கு அதைவிட நல்லது இல்லை.

அடுத்தது ஹாண்டில். அது சீற்றின் மட்டத்துக்கோ அதைவிட இரண்டு அங்குலம் மேலாகவோ இருந்தால் நாரி நிமிர்ந்திருக்கும். உயர்த்துவது கடினமல்ல. நடுத்தண்டின் தலையிலுள்ள போல்ட்டை இரண்டு மூன்று சுற்று இளக்குங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். போல்ட்டின்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து சுத்தியலால் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடும். பிறகு ஹாண்டிலை உயர்த்தி இறுக்கலாம். இதிலும் மூன்று அங்குலம் உள்ளே இருக்க வேண்டும் என்பதே கணக்கு. கம்பி பிறேக்குள்ள பழைய சைக்கிள் என்றால் ஹாண்டிலோடு பிறேக் கம்பியும் மேலே இழுபடும். அதன் பொருத்து நட்டை இளக்கி மறுபடி அளவுபடுத்தாமல் றோட்டில் இறங்க வேண்டாம். கடைசியாக, முன்சில்லை இரண்டு முழங்காலாலும் நெரித்துப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் இன்னும் இறுக்க வேண்டும்.

முதுகிலோ தோளிலோ ஷெல் துண்டு இருக்கிற சகோதரிகள் ஹாண்டிலை இன்னும் சற்று உயர்த்தி, பிடி தம் பக்கம் வளைந்து வரும் வகையான ஹாண்டிலைப் போடச் சொல்லுங்கள். ஒரு கால் குட்டையாகிப் போனவர்கள் அந்தப் பக்கத்துப் பெடலின் மேல் மரக்கட்டையோ தடித்த றப்பர்த் துண்டோ வைத்துப் போல்ட் போட்டு இறுக்குவித்தால் இடுப்புச் சரியாது. முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போட்டிருப்பவர்களும் சைக்கிள் ஓடலாம், ஓடுகிறார்கள். பாதம் பெடலை விட்டு நழுவாதபடி முன்னுக்கு ஒரு தடுப்பு வைத்தால் போதும். காலைப் பெடலோடு இறுகக் கட்டிவிடக் கூடாது. இறங்கும்போது எப்போதும் நல்ல காலையே ஊன்றிப் பழகுங்கள்.

இனி ஒரு கஷ்டமான விஷயம். வீட்டில் இருப்பது அவருடைய சைக்கிள். பார் உள்ள பெரிய சைக்கிள். சீலையோடு ஏற முடியவில்லை, விற்கவும் மனமில்லை. இப்படிப் பலர் வீடுகளில் சைக்கிள் தாழ்வாரத்திலேயே கறள் பிடித்து நிற்கிறது. சிலர் வெல்டிங் கடையில் கொடுத்து மேல் பாரை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். அந்தப் பார்தான் முன்தலையையும் சீற் குழாயையும் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்தால் பாரம் முழுவதும் கீழ்க்குழாயின் பொருத்தில் விழுந்து, ஒருநாள் ஓடும்போதே வெடிக்கும். லேடீஸ் சைக்கிளில் பார் இல்லைத்தான், ஆனால் அதற்குப் பதிலாகக் கீழே இரண்டாவது குழாய் ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்குச் சரியாகப் படுவது இது. பழைய லேடீஸ் பிறேம் ஒன்றை மட்டும் வாங்கி, சில்லின் அளவு ஒத்து வந்தால் அவருடைய சைக்கிளின் இரண்டு சில்லு, சீற், மணி, கரியர் ஆகியவற்றை அதற்கு மாற்றுங்கள். பழைய பிறேமைக் கழுவி, எண்ணெய் துடைத்து, வீட்டுக்குள் தொங்கவிடலாம். மகன் வளர்ந்ததும் அதற்கு மறுபடி சில்லுப் போடலாம். இரும்புச் சைக்கிளின் பெருமையே இதுதான். வளைந்தால் நிமிர்த்தலாம், விட்டால் ஒட்டலாம், எத்தனை வருஷம் சென்றாலும் பாகம் மாற்றலாம்.

வடக்கில் மலை இல்லை, ஆனால் காற்று இருக்கிறது. வைகாசி தொடக்கம் சோழகம் வீசும்போது எதிர்க்காற்றில் உழக்குவது மலை ஏறுவதற்குச் சமம். தண்ணீர்க் கானும் ஏற்றினால் சொல்ல வேண்டாம். 20 லீற்றர் கான் ஒன்று நிறைந்தால் 20 கிலோ. இதற்குப் பலருக்கும் தெரியாத மலிவான மருந்து ஒன்று உண்டு. பின்சில்லில் உள்ள பிறீவீலின் பற்களை எண்ணிப் பாருங்கள். அநேகமாக 18 இருக்கும். அதைக் கழற்றி 20 பல்லுள்ளது போட்டால் மிதிக்கும் பாரம் பத்தில் ஒரு பங்கு குறையும். 22 என்றால் இன்னும் குறையும். வேகம் அதே அளவு குறையும்தான். நாம் பந்தயம் ஓடவில்லையே. சைக்கிள் கடைக்காரர் அரைமணி நேரத்தில் செய்துவிடுவார். செயினுக்கு ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம்.

ரயரில் காற்றுக் குறைவாக இருந்தாலும் இதே கதைதான், வீணாகப் பாரம் இழுப்போம். பாரமெல்லாம் பின்னுக்கு இருப்பதால் பின்ரயர் முன்னதைவிட இறுக்கமாக இருக்க வேண்டும். பெருவிரலால் அமத்திப் பார்த்தால் பின்ரயர் அசையவே கூடாது, முன்ரயர் மட்டும் மிக இலேசாக அமரலாம். ஒவ்வொரு நாளும் காற்று இறங்கினால் ஒட்டுப்போட ஓட வேண்டாம், முதலில் வால்ரியூப்பைப் பாருங்கள். வெயிலில் அந்தச் சின்ன றப்பர் வெடித்துப்போவது வழமை. இரண்டு துண்டு கைப்பையில் இருக்கட்டும்.

பாரம் ஏற்றும் முறையில் ஒரு சொல். முன்கூடையில் ஐந்து கிலோவுக்கு மேல் வைத்தால் ஹாண்டில் நம் சொல் கேட்காது. பின்கரியரின் தாங்கு கம்பிகள் சில்லின் அச்சு நட்டில் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். கான்களை இரண்டு பக்கமும் சமமாக, தாழ்வாகத் தொங்கவிடுங்கள். ஒற்றைக்கால் ஸ்ராண்டைவிட இரட்டைக்கால் ஸ்ராண்ட் நல்லது. பிள்ளையை ஏற்றும்போது சைக்கிள் சரியாது.

பிள்ளை என்றதும் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கரியரில் இருக்கும் பிள்ளையின் கால் சில்லுக் கம்பிக்குள் போவது அடிக்கடி நடக்கும் விபத்து. குதிக்கால் தோலே உரிந்து வந்துவிடும், எலும்பும் முறியலாம். பிள்ளைக்குக் கால் வைக்க இரண்டு பக்கமும் மிதி போடுவியுங்கள். சில்லின் மேற்பாதியை மூடி வலை கட்டுங்கள். இதற்குக் கடைச் சாமான் தேவையில்லை. மட்காட்டின் இரு ஓரத்திலும் அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு துளை போட்டு, அங்கிருந்து சில்லின் நடு அச்சு வரை நைலோன் நூலால் விசிறி போல இழுத்துக் கட்டினால் போதும். கிழிந்த மீன் வலையும் உதவும். அதே வலை சீலைத் தலைப்பையும் சுரிதார் சால்வையையும் காப்பாற்றும். செயின் பக்கம் முழு மூடி இல்லாத சைக்கிளில் பாவாடை அகப்படாமல் போவது அதிர்ஷ்டம்தான். அந்த மூடியை வாங்கிப் போடுங்கள்.

செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது சில நாளில் பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும். வாகனத்தில் கழிந்த எண்ணெயும் வேண்டாம், அதில் இரும்புத் தூளும் அழுக்கும் நிறைய. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து செயினைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே உள்ள எண்ணெயை முழுதாகத் துடைத்துவிடுங்கள். கடற்கரை மணலில் ஓடுகிறவர்கள் கிழமைக்கு ஒருமுறை செய்யலாம். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அசைய வேண்டும். செயின் தேய்ந்ததா என்று அறிய உங்கள் தையல் நாடா போதும். இழுத்துப் பிடித்த செயினில் 24 கண்ணிகள், ஆணிக்கு ஆணி சரியாக 12 அங்குலம் இருக்கும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். தாமதித்தால் பல்லையும் தின்றுவிடும்.

இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் பாதிகூடப் பிடிக்காது. மாரியில் வழமையைவிட முன்கூட்டியே பிடியுங்கள், இரண்டு பிறேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். கை சிறியவர்கள், விரல் பலம் குறைந்தவர்கள், பிடியைக் கைக்குக் கிட்ட வரும்படி வளைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இதையெல்லாம் கடையில் சொல்லும்போது, "உங்களுக்கு ஏன் அக்கா இதெல்லாம், நான் பார்க்கிறன்" என்று சில தம்பிமார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பக்கத்தில் நின்று செய்வியுங்கள், ஏறி இருந்து பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். வீட்டில் நீங்களே பெடல் மாற்றுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள். இடது பெடலின் புரி எதிர்ப்பக்கம் வெட்டியது. வழமையான பக்கம் திருகினால் கழராது, இன்னும் இறுகும்.

ஒட்டுப்போடும் முறையை அடுத்த மாதம் பார்ப்போம். அதற்குள் ஒரு பழைய ரியூப் துண்டையும் உப்புத்தாளையும் எடுத்து வையுங்கள்.