காய்ச்சினாலும் போகாத நஞ்சு: பால் விஷயத்துல நாம யாரைக் கேள்வி கேட்கணும்?



"2025-க்குள்ள 87 சதவீத இந்தியர்களுக்கு கேன்சர் வரும், காரணம் கலப்படப் பால், உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை!" இந்த ஃபார்வர்டு வராத ஃபேமிலி குரூப் கிடையாது. அப்படி ஒரு எச்சரிக்கையே கொடுக்கலைன்னு உலக சுகாதார நிறுவனம் மறுத்துடுச்சு. 2025-ம் வந்து போயிடுச்சு. ஃபார்வர்டு மட்டும் சாகல. இப்ப அதுக்கு ஒரு வால் வேற முளைச்சிருக்கு: "பாக்கெட் பால் எல்லாம் விஷம், பாஸ்ச்சரைசேஷனே கார்ப்பரேட் சதி, கறந்த பாலை அப்படியே குடிங்க."

வேற யாராவது பரப்பினா சிரிச்சுட்டுப் போயிடலாம். நம்ம கட்சிக்காரங்களே ஷேர் பண்றாங்க. அதனாலதான் இந்தப் பதிவு.

பாஸ்ச்சரைசேஷன்னா என்ன? பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, அதே சூட்டுல 15 நொடி வெச்சு, உடனே 4 டிகிரிக்குக் குளிர வைக்கிறது. பழைய முறைன்னா 63 டிகிரி, 30 நிமிஷம். இதுக்காக எந்தப் பவுடரும் சேர்க்கிறதில்ல. சூடான பால் வெளியே போகும்போது உள்ளே வர்ற குளிர்ந்த பாலுக்குத் தன் சூட்டைக் கொடுத்துட்டுப் போகும் (மெக்கானிக்கல் படிச்ச தோழர்களுக்கு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர்னு சொன்னா போதும்). வேலை ஒழுங்கா நடந்துச்சான்னு பார்க்கவும் டெஸ்ட் இருக்கு. பால்ல இயற்கையா இருக்கிற பாஸ்ஃபடேஸ்ங்கிற நொதி இந்தச் சூட்டுல செயலிழந்துடும். டெஸ்ட்ல அது இன்னும் வேலை செய்யுதுன்னா, பால் சரியா சூடாகலைன்னு அர்த்தம்.

மாட்டுக் காசநோய், புருசெல்லோசிஸ் மாதிரி நோய்கள் பால் வழியா மனுஷனுக்கு வர்ற பாதையை அடைக்கிறது இதுதான். புருசெல்லோசிஸ் நம்ம நாட்டுல இன்னும் ஒழியல. கிடேரிக் கன்றுகளுக்கு அதுக்கான தடுப்பூசி போட 2019-ல ஒரு தேசியத் திட்டம் ஆரம்பிச்சாங்க. "நம்ம முன்னோர்கள் குடிக்கலையா"ன்னு கேட்காதீங்க. நம்ம பாட்டிமார் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் கொடுத்தாங்க. பச்சையா யாரும் கொடுக்கல.

சரி, அப்ப பாக்கெட் பால்ல பிரச்சினையே இல்லையா?

இருக்கு. ஆனா ஃபார்வர்டுல வர்ற பிரச்சினை இல்ல.

2018-ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், நாடு முழுக்க 1,103 ஊர்கள்ல 6,432 பால் மாதிரிகளை எடுத்து சோதிச்சது. அடுத்த வருஷம் அறிக்கை வந்துச்சு. யூரியா, டிடர்ஜென்ட், ஹைட்ரஜன் பெராக்சைடுன்னு நாம பயப்படுற கலப்படம் இருந்தது 12 மாதிரிகள்ல. 6,432-ல வெறும் 12. அந்த 12-ல தமிழ்நாட்டு மாதிரி ஒண்ணுகூட இல்ல.

இதே அறிக்கையோட இன்னொரு பக்கத்தைத்தான் யாரும் ஃபார்வர்டு பண்ணல. அஃப்லாடாக்ஸின் எம்1-ங்கிற நஞ்சு 368 மாதிரிகள்ல வரம்பைத் தாண்டி இருந்தது. நாட்டோட சராசரி 5.7 சதவீதம். தமிழ்நாட்டுல 551 மாதிரிகள்ல 88. அதாவது 16 சதவீதம், கிட்டத்தட்ட ஆறுக்கு ஒண்ணு. எண்ணிக்கையில நாட்டுலயே நம்ம மாநிலம்தான் முதலிடம். கறந்த பாலைவிட பதப்படுத்திய பால்லதான் இது அதிகமா இருந்துச்சுன்னும் அந்த ஆணையமே சொன்னது.

இதை யாரும் பால்ல கலக்கல. மாட்டுத் தீவனத்துலேர்ந்து வருது. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் எல்லாம் ஈரத்துல கிடந்தா பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை விடுற நஞ்சு அஃப்லாடாக்ஸின் பி1. மாடு அதைத் தின்னா, அதோட ஈரல் ஒரு பங்கை எம்1-ஆ மாத்தி மடி வழியா பாலுக்கு அனுப்பும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்லாடாக்ஸின்களை வெச்சிருக்கிறது முதல் பிரிவுல, மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருட்களோட பட்டியல்ல.

சூடு கிருமியைக் கொல்லும். இது கிருமி இல்ல, வேதிப்பொருள். 72 டிகிரியில போகாது, அடுப்புல பொங்க வெச்சாலும் போகாது. தயிரா உறைய ஊத்தினாலும் உள்ளேயே இருக்கும். பால் புரதத்தோட ஒட்டிக்கிறதால பன்னீர்ல இன்னும் அடர்த்தியாகும். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல கொடுத்து கண்ணாடி பாட்டில்ல நாட்டு மாட்டுப் பால் வாங்குறவங்களுக்கும் இதே கதைதான். அந்த மாடும் புண்ணாக்குதானே தின்னுது?

உடனே நாளைக்குப் பால் வாங்குறதை நிறுத்திடாதீங்க. ஒரு டம்ளர் குடிச்சா ஒண்ணும் ஆகாது. இது வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா சேர்ற ஆபத்து. பாலே முக்கிய உணவா இருக்கிற குழந்தைங்களுக்குத்தான் கவலை அதிகம். நம்ம நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். அமெரிக்காவுலயும் அதேதான். ஐரோப்பாவுல 0.05, அதாவது பத்துல ஒரு பங்கு. நாம அந்த 0.5-லயே ஃபெயில் ஆகியிருக்கோம்.

இதைத் தடுக்கத் தெரியாதவங்களா நாம? நாமக்கல்லைப் பாருங்க. அங்க கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனத்தைச் சோதிக்கன்னே ஒரு ஆய்வுக்கூடம் இருக்கு. கோழிப் பண்ணைக்காரங்களுக்கு அஃப்லாடாக்ஸின்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தீவனம் கெட்டா கோழி சாகும், முட்டை குறையும், நஷ்டம் அன்னைக்கே கையில தெரியும். அதனால சோதிக்கிறாங்க. மாடு அப்படிச் சாகாது. பால் கறந்துக்கிட்டே இருக்கும். கொழுப்பு, இதர சத்து அளந்து காசும் கொடுத்துடுவாங்க. நஞ்சு இருந்தா நஷ்டம் யாருக்கு? குடிக்கிற குழந்தைக்கு. அந்தக் கணக்கு எந்த பில்லுலயும் வராது.

இங்கதான் அரசியல் வருது தோழர்களே. பால் ஒரு துறை, தீவனம் இன்னொரு துறை, உணவுப் பாதுகாப்பு மூணாவது துறை. பாலைச் சோதிக்கிறவர் தீவன குடோனுக்குப் போறதில்ல. 2017-ல அன்னைக்கு இருந்த பால்வளத்துறை அமைச்சர், தனியார் பால்ல ரசாயனம் கலக்குறாங்கன்னு மேடை மேடையா பேசினார். ஆதாரம் இல்லாம பேசக்கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்தப் பேச்சு எத்தனை நாள் டிவியில ஓடுச்சு! 551-ல 88-ங்கிற கணக்கு எத்தனை நாள் ஓடுச்சு?

அப்புறம் ஆட்சி மாறிச்சு, அமைச்சர்கள் மாறினாங்க. கேள்வி அப்படியே இருக்கு. மாவட்டவாரியா அஃப்லாடாக்ஸின் சோதனை முடிவுகளை மாசாமாசம் வெளியிடுங்க. ஆவினோ தனியாரோ, குளிர்விப்பு நிலையத்துல டேங்கர் ஏறுறதுக்கு முன்னாடி ஸ்ட்ரிப் டெஸ்ட் பண்ணுங்க. சில நிமிஷ வேலை அது. ஃபெயில் ஆனா அந்தச் சங்கத்துக்குத் தீவனம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் போங்க.

ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்றோம். ரெண்டு மாடு வெச்சிருக்கிற அக்காவோட கேனைத் திருப்பி அனுப்பி இந்தக் கணக்கை முடிக்கக்கூடாது. மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? மூட்டையைத் தைச்சவனைக் கேளுங்க. அவங்களுக்கு மழைக்காலத்துல தீவனத்தைக் காய வெச்சு அடுக்க சங்கத்துலயே ஒரு குடோன் கட்டிக் கொடுங்க.

தீவனத்துக்கும் ஐ.எஸ்.ஐ. தரம் இருக்கு. அஃப்லாடாக்ஸின் பி1-க்கு அதுல உச்சவரம்பும் இருக்கு. கறவை மாட்டுக்கு விற்கிற தீவனத்துல அந்த முத்திரை இருக்கணும்னு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-லயே உத்தரவு போட்டது. அந்த உத்தரவு உங்க ஊர் வரைக்கும் வந்துச்சான்னு நாமளே பார்ப்போம். இந்த வாரம் பக்கத்துத் தீவனக் கடைக்குப் போங்க. மூட்டையில ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா, தயாரிப்புத் தேதி இருக்கா, குடோன் தரை ஈரமா இருக்கான்னு பாருங்க. கடைக்காரர்கிட்ட சண்டை வேண்டாம், அவர் வாங்கி விற்கிறவர். முத்திரை இருக்க வேண்டிய இடத்தை மட்டும் போட்டோ எடுத்து, மாவட்டத்தோட பேரைப் போட்டு கமெண்ட்ல பதிவிடுங்க. ஐ.டி. விங்ல மாவட்டவாரியா தொகுத்து, மூணு துறைக்கும் மனுவா கொடுக்கிறோம்.

#தீவனத்தைச்_சோதி