துவைத்த சீருடை போதும்

2025 ஓகஸ்ட் 10 ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. இந்த நேரத்தில் இணுவிலில் இருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் நமது தோட்டக் கமிட்டி ஒன்றில் அங்கத்தவர். பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போனவர்கள். இவர் கல்யாணம் முடித்து இணுவிலுக்கு வந்தவர். புருஷன் அங்குள்ள செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாள் கூலிக்குப் போகிறார். மகள் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறாள்.

அவர் கேட்டிருப்பது ஒன்றுதான்: பிள்ளைக்கு என்ன உடுத்தி அனுப்புவது? மற்றப் பிள்ளைகளுக்குப் புதுச் சீருடை தைத்தாகிவிட்டது, புதுச் சப்பாத்தும் வாங்கியாகிவிட்டது. தன் மகளிடம் இருப்பது இரண்டு வருடத்துச் சட்டை. சப்பாத்தின் அடி விட்டுப்போயிருக்கிறது. போன வருடம் யாரோ ஒருவர் பிள்ளையின் செருப்பைப் பார்த்து, "தோட்டக்காட்டுப் பிள்ளைதானே" என்று சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லையாம். தோட்டை அடகு வைக்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறார்.

நமது பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தோட்டை அடகு வைக்க வேண்டாம், தங்கச்சி. துவைத்து மடித்த பழைய சீருடை போதும். அந்தச் சப்பாத்தை ஒட்டித் தைத்துக் கொடுங்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட நாம் தயாராக இல்லை. அட்டனிலும் பதுளையிலும் இரத்தினபுரியிலும் ஒவ்வொரு லயத்திலும் இதே கேள்வி இந்த மாதம் கேட்கப்படுகிறது. உடுப்பைக் காட்டி ஆளை அளப்பது நமது மக்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் மேற்சட்டை போடக்கூடாது என்று தடுக்கப்பட்ட காலம் இருந்தது. அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கில் உட்கார முடியாமல் தரையில் உட்கார்ந்தார்கள். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்று 1929இல் கல்வித் திணைக்களம் கட்டளையிட்டபோது, அதை எதிர்த்துச் சில பள்ளிக்கூடங்களுக்குத் தீயே வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் தரையை விட்டு எழுந்து வாங்கில் உட்கார்ந்தது யாரும் மனமுவந்து கொடுத்ததால் அல்ல. போராடித்தான் உட்கார்ந்தார்கள்.

மலையகத்தில் நமது கதை வேறு, வலி ஒன்று. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடம் துரையின் கையிலேயே இருந்தது. ஒரு வாத்தியார், ஒரு மடுவம், ஐந்து வகுப்பு. 1970களில்தான் அந்தப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. நமது பாட்டிமாரில் எத்தனையோ பேர் பேனா பிடிக்கும் வயதில் கொழுந்துக் கூடை தூக்கியவர்கள். அவர்களின் பேத்தி இன்று நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் எழுதும் அதே வினாத்தாளை எழுதப் போகிறாள். அந்த வாசலில் அவளைச் சப்பாத்து தடுக்கலாமா?

சீருடை என்பதே இந்த வேறுபாடு தெரியக்கூடாது என்பதற்காக வந்தது. 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது. இடையில் சில வருடங்கள் வவுச்சராகவும் கொடுத்தது. சிறிய பாடசாலைகளிலும் தோட்டப் பாடசாலைகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க 2025இல் 3,000 ரூபாய் வவுச்சரும் கொடுத்தது. இவை தானம் அல்ல, உரிமை. கிடைக்காதவர்கள் அதிபரிடம் கேளுங்கள். கேட்கத் தயங்கினால் தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பரீட்சை மண்டபத்தில் நடப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை தன் சுட்டெண்ணை உடுப்பில் குத்திக்கொண்டு போகிறது. விடைத்தாளிலும் அந்தச் சுட்டெண்தான். திருத்துகிறவருக்கு அந்தப் பிள்ளையின் ஊர் தெரியாது, அப்பாவின் தொழில் தெரியாது, சட்டை புதிதா பழையதா என்பதும் தெரியாது. உடுப்புக்கு அங்கே ஒரு புள்ளியும் இல்லை.

கணக்கும் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் நமது நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் புலமைப்பரிசில் உதவிப்பணம் மாதம் 750 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்து, குடும்ப வருமானமும் அதற்குரிய வரம்புக்குள் இருந்தால்தான் அந்தக் காசும் கிடைக்கும். அதாவது அப்போதைய ஒரு நாள் பேரை விடக் கொஞ்சம் கூடிய தொகை, மாதத்துக்கு. அதை எதிர்பார்த்து இன்று தோட்டை அடகுக் கடையில் வைத்தால் வட்டி கட்டி முடிவதற்குள் பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வந்துவிடும். அடகு வைத்த காரணத்தைப் பிள்ளையும் அறிந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளை அந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டு வினாத்தாளைத் திறக்கக்கூடாது.

புது உடுப்பில் வேறு தொல்லையும் உண்டு. புதுக் கொலர் கழுத்தை அறுக்கும், புதுச் சப்பாத்து காலைக் கடிக்கும். காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் பரீட்சை மதியம் தாண்டித்தான் முடியும். அவ்வளவு நேரமும் பிள்ளைக்கு உடம்பு நினைவில் இருக்கக்கூடாது, கேள்விதான் இருக்க வேண்டும். இணுவில் வெயிலுக்கு நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த சட்டைதான் சுகம். மலையில் ஓகஸ்ட் மாதம் மழையும் குளிரும். இங்கே பிள்ளைக்குச் சுவெட்டர் வேண்டும், குடை வேண்டும், ஒரு சோடி உலர்ந்த காலுறையைப் பையில் தனியாகச் சுற்றி வைக்க வேண்டும். ஈரக் காலோடு உட்கார்ந்து எழுதும் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கும் மறந்துபோகும். காது மறையாமல் தலையை வாரிக் கட்டுங்கள். திருகோணமலையில் உயர்தரப் பரீட்சை எழுதிய 70 முஸ்லிம் மாணவிகள் காதை மூடி முக்காடு அணிந்திருந்தார்கள் என்று 2024இல் அவர்களின் பெறுபேறுகளை நிறுத்தி வைத்து, பிறகுதான் விட்டார்கள். பிள்ளையின் நம்பிக்கையையும் மானத்தையும் மதிக்கத் தெரியாத அந்த முறையை நாம் ஏற்கவில்லை.

பரீட்சைக் கடமைக்கு வரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் நமது லயங்களில் பிறந்தவர்கள். செருப்போடு வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தி ஏன் என்று கேட்காதீர்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலையில் நீங்கள் சிரித்த முகத்தோடு சொல்லும் "வாம்மா, உன் இடம் இதுதான்" என்ற ஒரு சொல் ஒரு புதுச் சீருடைக்குச் சமம்.

நமது தோட்டக் கமிட்டிகள் மூன்று வேலை செய்ய வேண்டும். முதலாவது, பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பட்டியலை இந்த வாரமே எடுங்கள். சட்டையோ சப்பாத்தோ உண்மையில் இல்லாத பிள்ளைக்கு, மேல்வகுப்புக்குப் போன பிள்ளைகளின் உடுப்பைச் சேர்த்துக் கொடுங்கள். அதை ஊர் பார்க்க மேடையில் கொடுக்க வேண்டாம். தலைவி இரவில் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். படம் பிடிக்கவும் வேண்டாம். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. தூரத்து டிவிஷன் பிள்ளைகள் நடந்து நனைந்து போகாதபடி தோட்ட லொறியையோ வேனையோ நிர்வாகத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள். மூன்றாவது, அன்றைக்குக் கைக்காசுக் கொழுந்து இருந்தாலும் அந்தத் தாய்மாரைக் கூப்பிட வேண்டாம் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லுங்கள். ஒரு நாள் அம்மா வாசல் வரை கூட வரட்டும்.

தாய் தகப்பன்மாரே, இந்தப் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களும் நமது பிள்ளைகள்தான், அவர்களின் படிப்பும் ஆறாம் வகுப்பில் தொடரத்தான் வேண்டும். அன்று வீட்டுக்கு வரும்போது எத்தனை சரி என்று கேட்பதற்கு முன்னால் சாப்பாடு போடுங்கள்.

இணுவில் தங்கச்சிக்கு ஒன்று. தோட்டக்காட்டுப் பிள்ளை என்று யாராவது திரும்பவும் சொன்னால் மகள் தலை குனிய வேண்டியதில்லை. இந்த நாட்டுக்குத் தேயிலையால் சோறு போட்டவர்களின் பேத்தி அவள். அந்தத் தோடு உங்கள் காதிலேயே இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்து வாசல் வரை போய்விட்டு வாருங்கள்.