ரிக்கெல்மேயை எங்கே நிறுத்துவது?

கால்பந்து பற்றிப் பேசுவோரிடையே ஒரு வாசகம் நெடுநாளாகப் புழங்கி வருகிறது: ‘ஆள் மகா திறமைசாலி; எந்த இடத்தில் ஆட வைப்பது என்பதுதான் பிரச்சினை.’ கேட்பதற்கு அனுதாபம் போல ஒலிக்கும் இவ்வாசகம் உண்மையில் ஒரு தீர்ப்பு. இடங்கள் எல்லாம் முன்பே வகுக்கப்பட்டுவிட்டன, அவற்றுள் எதிலும் பொருந்தாதது அந்த ஆட்டக்காரரின் குறை என்பது அதன் உட்கிடை. இத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. கால்பந்து தன் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் சிலரை வீணடித்ததற்கு இந்தச் சிந்தனைச் சோம்பலே காரணம் என்பது நம் கட்சி.

இடம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பயிற்சியாளர் பலகையில் கோல்கீப்பரை நீக்கிப் பத்துப் புள்ளிகள் வைக்கிறார். தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் இருவர் என்பது நெடுங்காலம் வழங்கிய கணக்கு. ஆக்கத்திறன் மிக்க தாக்குதல் ஆட்டக்காரர் நாடும் இடம் இந்தப் பத்தில் எதுவுமன்று. எதிரணியின் நடுக்களத்தாருக்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கும் இடையே, பந்தை வாங்கிக் கோலை நோக்கித் திரும்புவதற்குப் போதுமான சில கஜ இடைவெளி அது. அங்கே ஆடுபவரை ஆர்ஜென்டினாவில் ‘எங்கான்சே’ என்பார்கள். கொக்கி என்று பொருள். நடுக்களத்தை முன்களத்தோடு கோத்துவிடுகிறவர் அவர். இத்தாலியர் ‘ட்ரெகுவார்டிஸ்டா’ என்பர். மைதானத்தின் முக்கால் பங்குத் தொலைவில் ஆடுபவர்.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரியும்போது பாலை தோன்றுகிறது என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நிலப்படத்தில் தேடினால் அகப்படாத அந்தத் திணைக்கு அகநானூற்றின் நானூறு பாடல்களில் இருநூறு உரியவை. கொக்கியின் இடமும் அத்தகையதே. எதிரணியின் இரு வரிசைகளும் தம் நிலையிலிருந்து சற்றே திரியும்போது அது பிறக்கிறது. அவர்கள் சுதாரித்துக்கொண்டதும் மறைகிறது. பலகையில் புள்ளி இல்லாததால் ஆளுக்கு இடமில்லை என்று சொல்பவர், நிலம் இல்லாததால் பாலைப் பாட்டே வேண்டாம் என்று சொல்லத் துணிவாரா?

ஹுவான் ரோமன் ரிக்கெல்மேயின் கதை இவ்வழக்குக்கு ஆகச் சிறந்த சாட்சி. 2000 நவம்பர் 28 அன்று டோக்கியோவில் கண்டங்களுக்கிடையிலான கோப்பைக்காக போகா ஜூனியர்ஸ், ரியல் மாட்ரிட்டைச் சந்தித்தது. எதிரே ஃபிகோ, ரவுல், ராபர்ட்டோ கார்லோஸ். போகாவின் பயிற்சியாளர் கார்லோஸ் பியாஞ்சி செய்தது மிக எளிமையானது. பத்தாக்லியா, செர்னா, பசுவல்தோ என்ற மூவரை நடுக்களத்தில் ஓடுவதற்கென்றே வைத்தார். அவர்களுக்கு முன்னே ரிக்கெல்மே. அவருக்கும் முன்னே பலெர்மோவும் தெல்காதோவும். முதல் ஆறு நிமிடங்களுக்குள் பலெர்மோ இரண்டு கோல்கள் அடித்துவிட்டார். இரண்டாவது, ரிக்கெல்மே தம் பாதியிலிருந்து அனுப்பிய நெடும்பந்தில் விளைந்தது. எஞ்சிய நேரமெல்லாம் ரிக்கெல்மே பந்தைக் காலடியில் மறைத்து வைத்துக்கொண்டு, மாட்ரிட் ஆட்டக்காரர்களைத் தம்மைச் சுற்றி வரவைத்ததை அவ்வாட்டத்தைப் பார்த்தவர் மறக்க மாட்டார். போகா 2-1 என்று வென்றது. அப்போது அவருக்கு வயது 22.

அவர் வேகமாக ஓடுபவர் அல்லர். ஆட்டத்தை நிறுத்தி வைக்கத் தெரிந்தவர். ஆர்ஜென்டினக்காரர்கள் இதற்கு ‘லா பௌசா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள், இடைநிறுத்தம். எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கையில் பந்தோடு ஒருவர் நிற்கும் அந்த ஒரு நொடியில் எதிரணியின் தடுப்பாளர் ஒருவர் பொறுமை இழந்து முன்னே வருவார். அவர் விட்டு வந்த இடத்துக்குள் பந்து போய்விடும். இந்த வித்தைக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். வலமா இடமா என்ற ஐயம் எதிராளிக்கு இருக்கும்வரைதான் இடைநிறுத்தத்துக்குப் பொருள் உண்டு.

2002இல் அவரை வாங்கிய பார்சலோனாவின் பயிற்சியாளர் லூயி வான் கால், ரிக்கெல்மேயைப் பெரும்பாலும் ஓரத்தில் நிறுத்தினார். அங்கே நின்ற மறுகணமே அவருடைய ஆட்டம் பாதியாகிவிட்டது. ஒருபுறம் வெள்ளைக் கோடு. அந்தப் பக்கம் பந்து போக வழியில்லை என்பது எதிராளிக்கும் தெரியும். ஓரத்தில் வேண்டப்படுவது ஓட்டம். அது இவரிடம் இல்லாதது. இவரிடம் இருந்ததற்கோ அங்கே வேலையில்லை. வான் கால் 2003 ஜனவரியில் போனார். அந்தக் கோடையில் ரொனால்டினோ வந்தார். ரிக்கெல்மே வில்லாரியாலுக்கு இரவலாக அனுப்பப்பட்டார். தோற்றவர் ரிக்கெல்மே என்று எழுதினார்கள்.

வான் காலுக்கு அந்த இடத்தின் அருமை தெரியாது என்று நாம் சொல்லவில்லை. 1995இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அவருடைய அயாக்ஸ் அணியில் பத்தாம் எண்ணோடு ஆடியவர் யாரி லிட்மானன். ஆனால் லிட்மானன் முன்களத்திலும் ஓடுவார், பந்து பறிபோனால் பின்னாலும் துரத்துவார். முதலில் இடத்தையும் அதன் கடமைகளையும் எழுதி வைத்துவிட்டு, அதற்கேற்ற ஆளைத் தேடுவது வான் காலின் முறை. அது குற்றமன்று. அந்த முறைக்கு ஒத்துவராதவரை மைதானத்தின் ஒரு மூலையில் ஒட்டவைத்துவிட்டு, ‘வாய்ப்புக் கொடுத்தோம், பயன்படுத்திக்கொள்ளவில்லை’ என்று கணக்கெழுதுவதுதான் குற்றம். கல்லூரிகளில் நாம் அன்றாடம் காண்பது இது. சங்க இலக்கியத்தில் ஊறிய ஆசிரியர் ஒருவருக்கு, கால அட்டவணையில் காலியாகக் கிடக்கும் மணி எதுவோ அந்தப் பாடத்தைக் கொடுப்பார்கள். பருவ முடிவில் மாணவர் தேர்ச்சி குறைந்தால் அவரைக் குறை சொல்வார்கள். அட்டவணையை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

அதே ஆட்டக்காரர் வில்லாரியாலில் என்ன செய்தார்? ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேர் வாழும் ஊர் அது. 1998இல்தான் முதன்முதலாக ஸ்பெயினின் முதல்நிலைப் போட்டிக்குள் நுழைந்த கழகம். 2004இல் வந்த பயிற்சியாளர் மனுவேல் பெல்லெகிரினி, ஆட்டப் பட்டியலில் ரிக்கெல்மேயின் பெயர் எந்த இடத்தில் எழுதப்பட்டிருந்தாலும் அவரை உள்ளே வரவிட்டார். மார்க்கோஸ் சென்னாவும் பிறரும் பின்னே நின்று துப்புரவு வேலை பார்த்தார்கள். 2004-05 பருவத்தில் அணி மூன்றாமிடம் பெற்றது. முன்களத்தில் தியேகோ ஃபோர்லான் 25 கோல்கள் அடித்தார். அடுத்த பருவத்தில், முதன்முறையாகப் பங்கேற்ற சாம்பியன்ஸ் லீக்கில், மான்செஸ்டர் யுனைடெட் கடைசியாக நின்ற பிரிவில் முதலிடம் பெற்று, பிறகு இன்டர் மிலானையும் வெளியேற்றி அரையிறுதி வரை போனது. பார்சலோனாவில் பொருந்தாதவர் என்று கழித்துக் கட்டப்பட்டவரைச் சுற்றி எழுந்த அணி அது.

இங்கே எதிர்க்கட்சியார் எழுந்து நிற்பார்கள். அந்த அரையிறுதியில், 2006 ஏப்ரல் 25 அன்று, கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை யென்ஸ் லேமனிடம் கொடுத்துத் தோற்றவரும் இதே ரிக்கெல்மேதானே என்பார்கள். ஆம். பெனால்டியைத் தவறவிடுவது யாருக்கும் நேரும்; இன்னாரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. 1970 உலகக் கோப்பையைக் காட்டும் இரண்டாவது வாதம் கனமானது. பேலே, தொஸ்தாவ், ரிவெலினோ, ஜெர்சன் ஆகியோர் தத்தம் கழகங்களில் ஆட்டத்தின் அச்சாக இருந்தவர்கள்; பயிற்சியாளர் சகாலோ அவர்களுள் தொஸ்தாவை முன்களத்தின் நடுவிலும் ரிவெலினோவை இடப்புறத்திலும் நிறுத்திக் கோப்பையை வென்றாரே; அவர்கள் முணுமுணுத்தார்களா? நல்ல கேள்வி. ஆனால் அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். ரிவெலினோ இடப்புறம் என்பது பெயருக்குத்தான். அவர் உள்ளேதான் ஆடினார். தொஸ்தாவ் முன்னே நின்று தடுப்பாளர்களை இழுத்துக்கொண்டு பின்வாங்க, பேலேயும் ஜைர்சின்யோவும் அந்த வெற்றிடத்துக்குள் பாய்ந்தார்கள். சகாலோ அவர்களுக்குப் புள்ளிகளைக் கொடுத்தார், புள்ளிகளில் கட்டிப்போடவில்லை.

அதே இறுதியாட்டத்தில் எதிர்ப்புறம் நடந்ததை ஏன் யாரும் பேசுவதில்லை? இத்தாலியிடம் ஜான்னி ரிவேரா இருந்தார். 1969இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரும் மசோலாவும் ஒரே அணியில் சேர்ந்தாட முடியாது என்று முடிவுகட்டிய பயிற்சியாளர் வல்கரெஜ்ஜி, பாதி ஆட்டம் இவருக்கு, பாதி அவருக்கு என்று பங்கிட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் 4-3 என்ற வெற்றிக் கோலை அடித்தவர் ரிவேரா. நான்கு நாள் கழித்து இறுதியாட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஆறு நிமிடம். அப்போது பிரேசில் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. ஒரே மைதானத்தில், ஒரே நாளில், ஓர் அணி தன் ஆக்கக்காரர்கள் எல்லோருக்கும் இடம் கண்டது. மற்றோர் அணி இருவருக்குக்கூட இடம் காணவில்லை. முடிவு 4-1.

அவரை அவர் போக்கில் விட்டுவிடுங்கள், மைதானமெங்கும் திரியட்டும், மேதைக்கு ஏது எல்லை என்று உருகுகிற ரசிகர் கூட்டத்தோடும் நமக்கு உடன்பாடில்லை. இதுவும் சோம்பல்தான். எங்கும் திரிபவர் பந்தைத் தேடிப் பின்னே பின்னே வந்து, கடைசியில் தம் தடுப்பாளர்களின் காலடியிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு நிற்பார். எதிரணிக்கு அதைவிட உவப்பானது வேறில்லை. பயிற்சியாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர் எங்கிருந்து பார்த்தால் ஆட்டம் முழுவதும் இவருக்குத் தெரியும்?

அக்கேள்விக்கு ஆளுக்கொரு விடை உண்டு. ஆந்திரேயா பிர்லோ தொடக்கத்தில் முன்களத்தாருக்குப் பின்னே ஆடியவர். 2001இல் பிரெஷியா கழகத்துக்கு இரவலாக வந்தபோது அந்த இடத்தில் ராபர்ட்டோ பாஜியோ இருந்தார். பயிற்சியாளர் கார்லோ மசோனே, பிர்லோவை ஓரத்துக்குத் தள்ளாமல் தடுப்பாளர்களுக்கு முன்னே கொண்டுபோய் வைத்தார். முழு மைதானமும் அவர் கண்முன்னே விரிந்தது. பின்னர் ஏ.சி. மிலானில் ஆன்செலோட்டி அதையே தொடர்ந்தார். 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் பிர்லோ. மெஸ்ஸிக்கு விடை வேறு. வலப்புற ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை 2009 மே 2 அன்று, மாட்ரிட்டின் மைதானத்திலேயே, குவார்தியோலா முன்களத்தின் நடுவுக்கு மாற்றி, அங்கிருந்து பின்வாங்கி ஆடச் சொன்னார். தடுப்பாளர்களுக்கு அவரைத் தொடர்ந்து போவதா, நிற்பதா என்று விளங்கவில்லை. பார்சலோனா 6-2 என்று வென்றது. 2011-12 பருவத்தில் மெஸ்ஸி அடித்த கோல்கள் 73.

கவனிக்க வேண்டியது, இவற்றுள் எதுவும் இலவசமாகக் கிடைக்கவில்லை என்பது. பிர்லோவுக்காக கட்டூசோ ஓடினார். மெஸ்ஸிக்காக, நடு முன்களத்துக்கே உரிய எத்தோ வலப்புறம் போனார். ஒருவர் நிற்க வேண்டுமானால் மூவர் ஓட வேண்டும். நம் வழக்கின் சாரமே இதுதான்: ஆக்கத்திறனுக்கு ஒரு விலை உண்டு, அதை அணி வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லாத பயிற்சியாளர் அவரைத் தேர்ந்தெடுக்காமலே விடட்டும். அதில் நாணயம் உண்டு. எல்லோரும் துரத்தியாக வேண்டிய இக்காலத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பழைய பத்தாம் எண்காரர் அருகிப்போனதன் காரணமும் அது. ஆளையும் எடுத்துக்கொண்டு விலையையும் கொடுக்காமல் ஓரத்தில் நிறுத்துவதைத்தான் நாம் ஏமாற்று என்கிறோம்.

விலையைப் பாதியில் நிறுத்தினால் என்னவாகும் என்பதற்கு 2006 ஜூன் 30, பெர்லின். உலகக் கோப்பைக் காலிறுதி. ரிக்கெல்மே அடித்த கார்னரில் அயாலா தலையால் முட்ட, ஆர்ஜென்டினா ஜெர்மனியைவிட ஒரு கோல் முன்னே இருந்தது. 72ஆம் நிமிடத்தில் பயிற்சியாளர் பெக்கர்மன் ரிக்கெல்மேயை வெளியே அழைத்து, காவலுக்கு வலுவான கம்பியாஸோவை அனுப்பினார். களைத்திருந்தார், முன்னிலையைக் காக்க வேண்டியிருந்தது என்று இன்றும் நியாயம் சொல்வார் உண்டு. பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவரை வெளியேற்றிவிட்டு முன்னிலையைக் காப்பது எப்படி? 80ஆம் நிமிடத்தில் க்ளோஸ சமன் செய்தார். பெனால்டிகளில் ஆர்ஜென்டினா தோற்றது. கடைசியாக அடித்துத் தவறவிட்டவர் கம்பியாஸோ.

அந்த உலகக் கோப்பை அணியில் லியோனல் ஸ்கலோனி என்றொரு தடுப்பாட்டக்காரர் இருந்தார். பாப்லோ அய்மார் என்றொரு பத்தாம் எண்காரரும், கோலடித்த அயாலாவும் இருந்தார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022இல் கத்தாரில், ஸ்கலோனி ஆர்ஜென்டினாவின் பயிற்சியாளர்; அய்மாரும் அயாலாவும் அவருடைய உதவியாளர்கள். அணியில் 35 வயது மெஸ்ஸி; பாதி நேரம் நடந்துகொண்டிருப்பவர். தெ பால், மக் ஆலிஸ்டர், என்சோ ஃபெர்னாண்டஸ், அல்வாரெஸ் என்று நால்வர் அவருக்காகவும் சேர்த்து ஓடினார்கள். நடப்பவரை ஓரத்தில் நிறுத்த வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. டிசம்பர் 18 அன்று கோப்பை அவர்கள் கைக்கு வந்தது.