சேம்பருக்கு உண்டியல் குலுக்க வேண்டாம்



போன கூட்டத்திலை ஒரு யோசனை வந்தது: ஹொண்டுராஸின் மிஸ்கித்தோ சுழியோடிகளுக்கு நாங்கள் காசு சேர்த்து ஒரு ஹைப்பர்பேரிக் சேம்பர் வாங்கிக் குடுப்பம். நல்ல மனசுதான். ஆனால் நான் எதிர்க்கிறன்.

அந்த நாட்டிலை சேம்பர் இல்லாமலில்லை. உல்லாசப் பயணிகள் சுழியோடுற ரோவாத்தான் தீவிலை இருக்கு. மிஸ்கித்தோ ஆக்களுக்கும் அங்கை வைத்தியம் நடந்திருக்கு, போய்ச் சேர்ந்தவைக்கு. அவையள் சிங்கி இறாலுக்குச் சுழியோடுற மொஸ்கித்தியாவின் தலைநகர் புவெர்த்தோ லெம்பீரா. அங்கையிருந்து ரோவாத்தான் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். நாட்டோடை இணைக்கிற ரோட்டே இல்லை. படகு, இல்லாட்டி விமானம். அஹுவாஸிலை மொராவியன் திருச்சபை ஆஸ்பத்திரிதான் ஒரு சேம்பரை வைச்சுச் சமாளிச்சது. அது அரசு செய்யவேண்டிய வேலை.

ஆழத்திலிருந்து வேகமாய் மேலை வந்தால், உடம்பிலை கரைஞ்ச நைட்ரஜன் குமிழாகும். முள்ளந்தண்டைத் தாக்கினால் கால் விழுந்துபோகும். வைத்தியம், 2.8 வளிமண்டல அழுத்தத்திலை ஒட்சிசன். முதல் தடவை ஏறத்தாழ 5 மணித்தியாலம். ஆனால் ஒருத்தனுக்காகக் கப்பலைத் திருப்பினால் முதலாளிக்கு நட்டம். சுழியோடிக்கோ பிடிச்ச எடைக்குத்தான் கூலி. ஆழமானி இல்லாமலே நாளுக்குப் பத்துச் சிலிண்டருக்கு மேலையும் இறங்கியிருக்கினம். கடலின் லிவா மைரின் தண்டிச்சாள் எண்டு ஊரிலை சொல்லுவினம். அந்த நம்பிக்கையை நான் பழிக்கேல்லை. ஆழமானி குடுக்காத முதலாளிக்கு அது நல்ல வசதி, அவ்வளவுதான்.

42 சுழியோடிகளின் வழக்கிலை, 2021 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கம்பனிகளைக் கண்காணிக்க அரசு தவறிவிட்டது. அரசும் பொறுப்பை ஏற்றது. ஆனால் அந்த நீதிமன்றத்திலை அரசுகளைத்தான் நிறுத்தலாம். இறாலை வாங்கி விற்கிற இங்கத்தைய, அமெரிக்கக் கம்பனிகள் கூண்டுக்கு வெளியிலை.

வெறும் சேம்பர் இரும்புப் பீப்பாதான். ஒட்சிசன், கம்ப்ரெசர், இராப்பகலாய் நிக்கிற ஆள், நோயாளியைக் கொண்டுவாற வேகப்படகு எல்லாத்துக்கும் மாசாமாசம் காசு வேணும். எங்கட உண்டியல் ஒரு வருசத்திலை ஓய்ஞ்சிடும், பீப்பா துருப்பிடிக்கும். அந்த ஒரு வருசமும் இறக்குமதிக்காரன்ரை செலவை நாங்கள் சுமந்திருப்பம்.

என்ரை பிரேரணை: இறக்குமதியாகிற ஒவ்வொரு இறாத்தலுக்கும் ஒரு தொகையைக் கம்பனிகள் கட்டவேணும், அந்தக் காசை மிஸ்கித்தோ சுழியோடிகளின் அமைப்புகளே நிர்வகிக்கவேணும். கலியாண வீடுகளிலை லாப்ஸ்டர் வாலை நானும் ருசிச்சுச் சாப்பிட்டவன்தான், அதையும் சொல்லிப்போடுறன்.

அடுத்த கூட்டத்துக்கு முதல், உங்கட கடையின் உறைகுளிர் பெட்டியைப் பாருங்கோ. பொதியிலை ஹொண்டுராஸ் எண்டு இருந்தால், இறக்குமதிக் கம்பனியின் பேரோடை படம் எடுத்துக்கொண்டு வாங்கோ.