மூன்று வகை போதும்

விருந்தினருக்கு வைக்கும் ஷார்க்யூட்ரி எனும் பதப்படுத்திய இறைச்சிப் பலகையில், மரமே தெரியாதபடி இறைச்சியையும் பழத்தையும் பாலாடைக்கட்டியையும் குவிப்பது வழக்கமாகிவிட்டது. மூன்று வகை இறைச்சி போதும் என்பேன். உப்பும் காலமும் பக்குவப்படுத்திய உணவு இது. பார்மா ஹாமில் பன்றித்தொடையும் கடல் உப்பும் தவிர வேறெதுவும் கிடையாது. ஓராண்டுக்கு மேல் தொங்கி உலர்ந்தால்தான் அந்த மெல்லிய இனிப்பு வருகிறது. மிளகாய்த்தூள் தூக்கலான சோரிசோ தொத்திறைச்சியையும் நீலப் பூஞ்சை படர்ந்த ராக்ஃபோர் பாலாடைக்கட்டியையும் அதனருகே நெருக்கினால் ஹாமின் ருசி நாக்கில் நிற்காது. உலர்த்திய ஹாம், புளிக்கவைத்த சோசிசோன் தொத்திறைச்சி, கொழுப்பில் நெடுநேரம் வெந்து குழைந்த ரியேட் என்று வைத்தால் பக்குவமும் பதமும் ஒவ்வொன்றிலும் வேறு. கூடவே வினிகரில் ஊறிய வெள்ளரிப்பிஞ்சு, டிஜோன் கடுகு, நல்ல ரொட்டி. கொழுப்பின் திகட்டலை அறுப்பவை இவைதான். அழகுக்காக வைப்பதாக எண்ணி இவற்றைக் குறைத்துவிடக் கூடாது.

குறைவாக வைத்தால் கஞ்சத்தனமாகத் தெரியாதா என்பார்கள். ரியேட், பாத்தே எனும் இறைச்சி விழுது போன்றவற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது ஆபத்து. அதனால் குவித்ததில் பாதி குப்பைக்கே போகும். தீரத் தீர எடுத்து நிரப்பினால் கடைசியாக வரும் விருந்தாளிக்கும் நல்லதே கிடைக்கும். பதப்படுத்திய இறைச்சியே கேடு என்பது இன்னும் வலுவான மறுப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது; தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்றது. அது அன்றாடம் உண்பவர்களுக்கான கணக்கு என்றாலும் ஒதுக்கிவிட முடியாது. ஆளுக்கு நாலைந்து மெல்லிய சீவல், மீதி ரொட்டியும் காயும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.